சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்: நெடுஞ்சாலைக் காற்றும் மின்சாரமும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார் பழுதாகி, அவசரத் தடத்தில் இறங்கி நிற்க நேர்ந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பெரிய லோரி ஒன்று கடந்து போகும்போது சட்டை படபடக்கும். நிறுத்தி வைத்த காரே ஒரு கணம் ஆடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். லோரி முந்திச் செல்லும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு பலமான காற்று வீணாகத்தானே போகிறது? சாலையோரம் காற்றாடிகளை நட்டு மின்சாரம் எடுத்தால் என்ன? இந்தக் கேள்வி அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் செய்து வைக்கும் மாதிரிகளில் எழுகிறது. பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டுத் திட்டங்களில் எழுகிறது. அவ்வப்போது முதலீடு தேடி வருகிறவர்களின் வண்ணத் தாள்களிலும் எழுகிறது. நல்ல கேள்விதான். நல்ல கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சட்டென்று பதில் சொல்லிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த யோசனைக்கு நம் வட்டாரத்தில் தனிக் கவர்ச்சி உண்டு. காரணம், இயற்கைக் காற்று இங்கே குறைவு. சிங்கப்பூரில் காற்றின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர்தான். வணிக முறையில் இயங்கும் காற்றாலைகளுக்கோ 4.5 மீட்டருக்கு மேல் வேண்டும். தீபகற்ப மலேசியாவின் பெரும்பகுதியிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவில் 2007-ஆம் ஆண்டு 100 கிலோவாட் திறனுள்ள காற்றாலைகள் இரண்டு நிறுவப்பட்டன. அவையும் தனித்து நிற்கவில்லை; சூரியப் பலகைகளோடும் டீசல் இயந்திரங்களோடும் சேர்த்துத்தான் அமைக்கப்பட்டன. இயற்கை தராத காற்றை லோரிகள் தருமா என்று மனம் அலைவதில் வியப்பில்லை.

கனவு புதிதல்ல

நெடுஞ்சாலைக் காற்றைப் பிடிக்கும் எண்ணம் உலகின் பல மூலைகளில் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் மார்க் ஓபர்ஹோல்சர் என்ற வடிவமைப்பாளர், எதிரெதிர்த் திசைச் சாலைகளைப் பிரிக்கும் நடுச்சுவருக்குள்ளேயே சுழலிகளைப் பொருத்தும் திட்டம் ஒன்றைத் தீட்டினார். 2006-இல் ஒரு வடிவமைப்புப் போட்டியில் அது பாராட்டும் பெற்றது.

இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை செங்குத்தாக நிற்கும் சுழலியைத்தான் நம்புகின்றன. 1920-களிலேயே பிரான்சின் டாரியஸ், பின்லாந்தின் சவோனியஸ் ஆகியோர் கண்டுபிடித்த வகை அது. படுக்கை அச்சில் சுற்றும் பெரிய காற்றாலை, காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். செங்குத்துச் சுழலிக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து காற்று அடித்தாலும் சுற்றும். குழம்பிக் கலங்கி வரும் சாலைக் காற்றுக்கு அதுதான் பொருத்தம்.

உண்மையிலேயே சாலையில் நட்டுப் பார்த்தவர்களில் துருக்கியர் குறிப்பிடத்தக்கவர்கள். இஸ்தான்புல் மாநகரில் 2007 முதல் 'மெட்ரோபஸ்' என்ற விரைவுப் பேருந்துச் சேவை நடக்கிறது. ஏறக்குறைய 52 கிலோமீட்டர் தூரம் பெரும்பாலும் நெடுஞ்சாலையின் நடுவே தனித்தடத்தில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அந்தத் தடத்தின் ஓரத்தில், இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, 'என்லில்' என்ற செங்குத்துச் சுழலி நிறுத்தப்பட்டது. என்லில் என்பது பண்டைய மெசபொத்தாமியரின் காற்றுத் தெய்வம். மணிக்கு ஒரு யூனிட் வரை மின்சாரம் தரும் என்று அதை உருவாக்கியவர்கள் கூறினார்கள்.

அங்கே என்னென்ன கூடி வந்திருக்கின்றன என்று கவனியுங்கள். பெரிய உடல் கொண்ட பேருந்துகள். சில நிமிடங்களுக்குக்கூட ஓயாத ஓட்டம். சுழலிக்கு மிக அருகில் தடம். கடற்காற்று வீசும் நகரம் என்பதால் இயற்கைக் காற்றையும் அந்தச் சுழலி வாங்கிக்கொள்கிறது. அதன் உச்சியில் சூரியப் பலகையும் உண்டு. ஆகவே அது தரும் மின்சாரம் முழுவதையும் பேருந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

அந்தக் காற்று யாருடைய காசு?

இனி, கணக்குக்கு வருவோம். 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலைக் காற்று வானத்திலிருந்து வந்ததல்ல. காரும் லோரியும் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதால் பிறந்தது. அப்படித் தள்ளுவதற்கு எரிந்தது பெட்ரோலும் டீசலும். கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரிக்காரர் எண்ணெய் நிலையத்தில் எடுத்து வைத்த பணம்தான், சாலையோரத்துப் புல்லை ஆட்டும் காற்றாக மாறுகிறது. 'இலவசக் காற்று' என்று ஒருவர் சொன்னால், அதற்கு ஏற்கெனவே இன்னொருவர் விலை கொடுத்துவிட்டார் என்று பொருள்.

எவ்வளவு விலை? நடுத்தரக் கார் ஒன்று மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, காற்றைப் பிளந்துகொண்டு முன்னேற ஏறக்குறைய 38 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை தேவைப்படுகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இந்த வேலை ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதாவது பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட். முகம் தட்டையாக, உடல் பெருத்து நிற்கும் லோரி 90 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே ஒரு கிலோமீட்டருக்கு 0.65 யூனிட் அளவு காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. காரைப்போல் ஆறு மடங்கு.

ஒரு நாளில் 25,000 கார்களும் 5,000 லோரி, பேருந்துகளும் ஒரு திசையில் கடக்கும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அவை காற்றில் கொட்டும் ஆற்றல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,800 யூனிட்! கேட்டால் மலைப்பாக இருக்கிறது. முதலீடு தேடுகிறவர்கள் இந்த எண்ணோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். மீதிக் கணக்கு இனிமேல்தான் இருக்கிறது.

ஒரு சுழலி ஒரு கிலோமீட்டரை அடைத்து நிற்பதில்லை. சாலையோரம் இரண்டு மீட்டர் இடத்தைத்தான் பிடிக்கிறது. அந்த இரண்டு மீட்டரில் கொட்டும் ஆற்றல் ஏறக்குறைய 12 யூனிட். அதுவும் முழுவதும் சுழலியை நோக்கி வருவதில்லை. மேலே கிளம்புகிறது, வண்டியின் பின்னால் சுழன்று அடங்குகிறது, மறுபக்கம் போகிறது. ஐந்தில் ஒரு பங்கு சுழலிக்குள் நுழைவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நுழைந்த காற்றின் ஆற்றல் முழுவதையும் எந்த இயந்திரமும் எடுத்துவிட முடியாது. 59.3 விழுக்காடுதான் உச்ச எல்லை என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறாண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். சிறிய செங்குத்துச் சுழலிகள் அந்த எல்லைக்கு அருகில்கூட வருவதில்லை. நான்கில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினால் நல்ல இயந்திரம்.

இப்போது அகப்பையைப் பாருங்கள். 12 யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதில் கால் பங்கு. ஒரு நாளைக்கு 0.6 யூனிட்!

ஒரு யூனிட்டுக்கு 50 சென் என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 30 சென். ஆண்டுக்கு ஏறக்குறைய 110 வெள்ளி. சுழலி, கம்பம், மின்கலம், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து 5,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், போட்ட முதல் திரும்ப 45 ஆண்டுகள் வேண்டும். ஓயாமல் சுற்றும் இயந்திரம் 45 ஆண்டுகள் பழுதில்லாமல் சுற்றுமா?

இதே இடத்தில் 400 வாட் சூரியப் பலகை ஒன்றைப் பொருத்தினால் என்ன ஆகும்? நம் நாட்டு வெயிலில் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.4 யூனிட் தரும். சுழலியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பலகையில் சுற்றும் பாகம் எதுவும் இல்லை. எண்ணெய் போட வேண்டியதில்லை.

கூட்டம் இருந்தால் வேகம் இல்லை

நெடுஞ்சாலைக் காற்றுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி என்று மக்கள் ஊருக்குத் திரும்பும் நாட்களில்தான் சாலையில் வாகனங்கள் அதிகம். அன்றைக்கு மின்சாரம் கொட்டும் என்று தோன்றலாம். நேர்மாறாகத்தான் நடக்கும். வேகம் பாதியானால் காற்றைத் தள்ளும் விசை கால்வாசியாகிவிடுகிறது. நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் கார், 110-இல் போகும் காரைவிடப் பதின்மூன்று மடங்கு குறைவாகவே காற்றை அசைக்கிறது. காருக்குள் இருப்பவர்களுக்குப் புழுக்கம், சுழலிக்கு ஓய்வு.

வேகமாக ஓடும் சாலையிலும் காற்று நின்று வீசுவதில்லை. வண்டி கடக்கும்போது ஒரு வீச்சு, பிறகு ஓய்வு. காற்றின் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் திறன் எட்டு மடங்கு; வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. சாலையிலிருந்து சற்று விலகினாலும் காற்றின் வேகம் சட்டென்று குறைந்துவிடும். ஆகவே சுழலி தடத்தை ஒட்டியே நிற்க வேண்டும்.

தடத்தை ஒட்டி நிற்பதுதான் ஆபத்து. கட்டுப்பாட்டை இழந்த வாகனம் மோதினால் தாங்கிக்கொள்வதற்காகத்தான் ஓரத்தில் இரும்புத் தடுப்பு இருக்கிறது. அது வளைந்து கொடுக்க இடம் வேண்டும். அந்த இடத்தில் இரும்புக் கம்பத்தையும் சுற்றும் தகடுகளையும் நட்டால், மோதிய வண்டிக்கு என்ன ஆகும்? உடைந்த தகடு பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் மீது பறந்தால்? பழுது பார்க்கப் போகும் தொழிலாளி 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வாகனங்களுக்கு ஓரடி தள்ளி நின்று வேலை செய்ய வேண்டும். நாளைக்கு 30 சென் மின்சாரத்துக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? கணக்கில் இதையும் எழுதியாக வேண்டும்.

சுரங்கத்தில் வைத்தால்?

சுரங்கப் பாதையில் காற்று சிதறிப் போகாதே, அங்கே வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஈப்போவைத் தாண்டியுள்ள மெனோரா சுரங்கம், கோலாலம்பூரில் 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம், சிங்கப்பூரில் 2008-இல் முழுமையடைந்த காலாங் பாயா லேபார் விரைவுச்சாலையின் 9 கிலோமீட்டர் சுரங்கம் என்று உதாரணங்கள் நினைவுக்கு வரலாம். அறிவுக்கூர்மையான கேள்வி இது. ஒரே திசையில் வாகனங்கள் ஓடும் சுரங்கத்தில், பிஸ்டனைப்போல் அவை காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போவது உண்மைதான்.

ஆனால் அந்தக் காற்று அங்கே சும்மா இல்லை. புகையை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. சுரங்கங்களை வடிவமைக்கும் பொறியாளர்கள் அந்த ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் விசிறிகளைப் பொருத்துகிறார்கள். குறுக்கே சுழலிகளை நிறுத்தினால் காற்றோட்டம் குறையும். விசிறிகள் கூடுதலாக ஓட வேண்டிவரும். ஒரு கையால் எடுத்த மின்சாரத்தை மறு கையால் விசிறிக்குக் கொடுத்துவிட்டு, இடையில் நஷ்டப்படுவதுதான் மிச்சம்.

திறந்த சாலையிலும் ஓரளவு இதே கதைதான். வாகனங்கள் வரிசையாக ஓடும்போது காற்றும் அதே திசையில் நகர்வதால், பின்னால் வருகிறவருக்கு எதிர்ப்பு சற்றுக் குறைகிறது. அந்த ஓட்டத்தைச் சுழலிகள் தடுத்தால் பின்னால் வருகிறவரின் பெட்ரோல்தான் அதை ஈடுகட்ட வேண்டும். தானாக அடங்கிப் போகும் காற்றைப் பிடித்தால் லாபம். ஓடிக்கொண்டிருக்கும் காற்றை மறித்தால் பக்கத்து வீட்டுக் கம்பியில் கொக்கி போட்ட கதை.

பிரான்சு தந்த பாடம்

ஆசை கணக்கை முந்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சாலையிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிரான்சின் நார்மண்டி வட்டாரத்தில், தூருவ்ர் ஓ பெர்ஷ் என்ற சிற்றூரில், 2016 டிசம்பரில் ஒரு கிலோமீட்டர் சாலையின் மேற்பரப்பில் சூரியப் பலகைகள் பதிக்கப்பட்டன. செலவு 50 லட்சம் யூரோ. சில ஆண்டுகளுக்குள் பலகைகள் பெயர்ந்தன. மரங்களின் இலைகள் விழுந்து வெயிலை மறைத்தன. விவசாயிகளின் டிராக்டர்கள் ஏறி இறங்கின. சத்தம் தாங்காமல் வேகவரம்பையே குறைக்க வேண்டியதாயிற்று. எதிர்பார்த்த மின்சாரத்தில் பாதி அளவுதான் கிடைத்தது. 2019-இல் அது தோல்வி என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது.

சூரியப் பலகை கெட்ட பொருளா? இல்லை. அதே பலகையைச் சக்கரத்துக்குக் கீழே போடாமல் கூரையில் வைத்திருந்தால் நன்றாகவே வேலை செய்திருக்கும். தென்கொரியாவில் தேஜோனுக்கும் செஜோங்கிற்கும் இடையே நெடுஞ்சாலையின் நடுவில் சைக்கிள் பாதை அமைத்து, அதற்கு நிழல் தரும் கூரையாகச் சூரியப் பலகைகளைப் போட்டார்கள். சிங்கப்பூர் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 2021-இல் 60 மெகாவாட் திறனுள்ள மிதக்கும் சூரியப் பண்ணையைத் திறந்தது. பொருளை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது.

அப்படியானால் சுழலி எதற்குமே உதவாதா?

உதவும். நாளொன்றுக்கு அரை யூனிட் என்பது, 40 வாட் எல்இடி விளக்கு ஒன்றை இரவு முழுவதும், 12 மணி நேரம் எரிய வைக்கப் போதும். எச்சரிக்கைப் பலகை, போக்குவரத்தை எண்ணும் கருவி, காற்றின் தூய்மையை அளக்கும் கருவி ஆகியவற்றுக்குத் தாராளமாகவே போதும். மின்கம்பி இழுக்க அதிகச் செலவாகும் இடத்தில், வாகன ஓட்டமும் ஓயாமல் இருந்தால், சூரியப் பலகைக்குத் துணையாக ஒரு சிறு சுழலி நிற்கலாம். மழைநாளிலும் இரவிலும் அது கை கொடுக்கும்.

சிக்கல் என்னவென்றால், மின்கம்பி எட்டாத சாலையில் பெரும்பாலும் வாகனக் கூட்டம் இல்லை. வாகனக் கூட்டம் உள்ள சாலைக்கு மின்கம்பி எட்டாமல் இல்லை. இரண்டும் பொருந்தும் இடங்கள் சிலவே. அந்தச் சில இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நல்ல ஆய்வு. நாடு முழுவதும் நட்டால் ஊருக்கெல்லாம் விளக்கு எரியும் என்பது விளம்பரம்.

இப்படிப்பட்ட கருவியைச் செய்யும் மாணவர்களைக் கேலி செய்யக் கூடாது. அவர்களுக்கு ஊக்கம் கொடுக்க வேண்டும். கூடவே ஓர் அளவுக் கருவியையும் கொடுக்க வேண்டும். மேசை விசிறியின் முன்னால் சுற்றிக் காட்டிய மாதிரிக்குக் கைதட்டல் கிடைக்கும். அதே மாதிரியை ஒரு வாரம் சாலையோரம், உரிய அனுமதியோடும் பாதுகாப்போடும் நிறுத்தி, கிடைத்த மின்சாரத்தை நாள்தோறும் எழுதி வைத்த மாணவர்தான் அறிவியலைக் கற்கிறார். விடை சிறியதாக வந்தாலும் அது தோல்வியல்ல.

பணம் கேட்டு வருகிறவர்களிடமோ மூன்று கேள்விகள் போதும். ஓராண்டு முழுவதும் அளந்த கணக்கு இருக்கிறதா? அதில் இயற்கைக் காற்று எவ்வளவு, வாகனக் காற்று எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியுமா? பத்து ஆண்டுப் பராமரிப்பையும் சேர்த்தால் ஒரு யூனிட் என்ன விலைக்கு வருகிறது? இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வராத வரை, ஓய்வுக்காலச் சேமிப்பை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

கிளப்பாத காற்றே பெரிய அறுவடை

கடைசியாக ஒரு கணக்கு. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை 110-இல் போகாமல் 90-இல் போனால், காற்றைத் தள்ளும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மின்சாரக் கணக்கில் அது ஏறக்குறைய 7 யூனிட். சாலையோரத்துச் சுழலி பன்னிரண்டு நாள் சுற்றிச் சேர்ப்பதை, ஒரே கார் ஒரே பயணத்தில் மிச்சப்படுத்திவிடுகிறது. என்ஜினில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுவதால், பெட்ரோலில் அந்த மிச்சம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை ஆகும். இழப்பு, பயண நேரத்தில் 24 நிமிடம். லோரிகளின் முகப்பில் காற்றை வழிந்தோடச் செய்யும் மூடி பொருத்துவதும், காரின் கூரையில் தேவையில்லாமல் கிடக்கும் சாமான் சட்டத்தைக் கழற்றி வைப்பதும் இதே வகை மிச்சம்தான்.

நெடுஞ்சாலையில் வீசும் காற்று, சிந்திப்போன எண்ணெய். சிந்தியதைத் துணியால் ஒற்றி எடுத்துப் பிழிவதில் தவறில்லை. சில சொட்டுகள் கிடைக்கும். ஆனால் சிந்தாமல் ஊற்றக் கற்றுக்கொண்ட வீட்டுக்கு அந்தத் துணியே தேவைப்படாது.